இடது மூலையில் குந்தியிருப்பவன்

இன்னும் முக்கால் மணி நேரத்துக்குள் இந்தக் கூடம் சிரிக்கப்போகிறது. உதட்டோரம் சுளித்துவிட்டு அடங்குகிற சிரிப்பில்லை. பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் மடங்க, பக்கத்து ஆள் தொடையில் ஓங்கி அடித்து, கண்ணில் தண்ணீர் முட்டி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் சிரிக்கிற சிரிப்பு. நூலக மாடியில் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்திருந்த நாற்பத்துச் சொச்சம் பேரில் நீலாயதாட்சி ஒருத்திக்குத்தான் அது தெரியும். ஆனால் இப்போது இல்லை. பொறுமை, பொறுமை, பெரியோர்களே, தாய்மார்களே, என்று அவள் கூட்டத் தலைவர் வைரக்கண்ணுவின் கட்டைத் தொண்டையில் தனக்குள்ளேயே அறிவித்துக்கொண்டாள். வார்த்தைக்கு வார்த்தை நடுவில் அவர் விடும் அந்தச் செருமல் உட்பட. எதிரே மேடையில், மூன்று கால் சட்டத்தின்மேல், அவள் இருபத்துமூன்று நாள் முதுகு நோக வரைந்த படம் நின்றது. ஒல்லாந்து தேசத்து ஆறு. வானம் முக்கால், பூமி கால். நடுவில் மாடுகளை ஏற்றிக்கொண்டு கரைக்கும் கரைக்கும் நடுவே நிற்கிற பரிசல் மாதிரி ஒரு தட்டைப் படகு, தூரத்தில் கோயில் கோபுரம், அதாவது மாதா கோயில் கோபுரம், வலப்பக்கம் பட்டுப்போன மரம், காற்றாலை, வாத்து. எல்லாம் சித்தப்பா தன் பேச்சுக்காகப் பெரிதாக வரைந்து தரச்சொல்லிக் கொடுத்த அஞ்சலட்டையில் இருந்தபடி இம்மி பிசகாமல். இடது மூலையில், நாணல் புதருக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அளவுக்கு ஒருத்தன் குந்தியிருந்தான். அவன் மட்டும் அஞ்சலட்டையில் இல்லை. அவனை அவள் சேர்த்துவிட்டாள். தொப்பி மட்டும்தான் ஹாலந்து. இடுப்புக்குக் கீழே முழுக்க நாகப்பட்டினம். விடிகாலையில் ஆற்றோரத்தில் குந்துகிறவன் எதற்குக் குந்துவானோ அதற்குத்தான் அவன் குந்தியிருந்தான். பக்கத்தில் ஒரு மஞ்சள் புள்ளி, சொம்பு. படத்தில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் சித்தப்பா அர்த்தம் சொல்வார். இதற்கும் சொல்வார். சொல்லட்டும்.

“ஆக்சுவலி,” என்றார் சித்தப்பா காயாரோகணம், “ஒல்லாந்தர் ஓவியத்தில் ஆறு என்பது ஆறு அல்ல.” ஆறு அல்ல, அண்டா, என்றாள் அவள் மனசுக்குள், அவருடைய அதே மூக்கடைத்த குரலில். ரெண்டு வருஷம் அங்கே ஏதோ ஒரு அருங்காட்சியகத்தில் ஆராய்ச்சி என்று போய் இருந்துவிட்டு வந்ததிலிருந்து எதுவும் எதுவாகவும் இல்லை அவருக்கு. இட்லி இட்லி அல்ல, அது ஒரு சமூகம். மழை மழை அல்ல. வீட்டு மாடியில் ஒரு அறையைப் பிடித்துக்கொண்டு, அண்ணி போடுகிற சோற்றைத் தின்றுகொண்டு, தட்டில் கிடக்கிற முருங்கைச் சக்கையைக்கூட அர்த்தத்தோடு பார்க்கிற அந்தப் பார்வை. அந்த நகம், பென்சில் சீவியது மாதிரி. பக்கத்தில் வந்தால் ஒரு செண்ட், ஆஸ்பத்திரியில் பூ வைத்த மாதிரி. போன மாசம் பதினெட்டாம் தேதி, மத்தியானச் சாப்பாடு, வாழைக்காய் வறுவல், அப்பா வாயில் சோறு, அவர் சொன்னார்: “அண்ணே, இவளுக்குக் கை இருக்கு, கண்ணு இல்லை. குரலு மாதிரிதான் கையும். யாரைப் பார்த்தாலும் அப்படியே செஞ்சு காட்டும். சொந்தமா ஒண்ணு பார்க்கச் சொன்னா தெரியாது. சென்னைக்கு அனுப்பி ஓவியக் கல்லூரியில சேர்த்து என்ன ஆகப்போகுது? குரங்குக்குத் தூரிகை எதுக்கு?” குரங்குக்கு. அம்மா ரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்பா சோற்றை விழுங்கிவிட்டு, “நீ பார்த்தவன், படிச்சவன், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் தம்பி,” என்றார். அவ்வளவுதான். ஒரு வாய் சோறு இறங்குகிற நேரம். விண்ணப்பம் இப்போது அவள் பையில், பிளாஸ்டிக் உறைக்குள். நாளைக்குக் கடைசித் தேதி. தகப்பனார் கையெழுத்து என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. “சாயங்காலம் சித்தப்பா பேசி முடிக்கட்டும், இன்னொரு தடவை கேட்டுக்கிட்டு அப்புறம் பார்ப்போம்,” என்று அப்பா காலையில் சொல்லியிருந்தார். இன்னொரு தடவை கேட்டால் இன்னொரு தடவை அதையேதான் அவர் சொல்வார். கையெழுத்து விழாவிட்டால் செவ்வாய்க்கிழமை மருந்தாளுநர் படிப்பு. அதற்கப்புறம் ஆயுசுக்கும் அப்பாவின் மருந்துக்கடை. ‘ஜுரம் மாத்திரை ரெண்டு குடும்மா.’ ‘சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?’ ‘பச்சைக் கலர்ல ஒண்ணு இருக்குமே, போன தடவை குடுத்தியே.’ எல்லாக் குரலும் ஏற்கெனவே அவளுக்குப் பாடம். அதனால்தான் இன்றைக்கு, இங்கே, அப்பா முன்வரிசையில் தலைவருக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருக்கும்போதே, இந்த மனுஷன் ஒரு படத்தைக்கூட வாழ்நாளில் பார்த்ததில்லை, புஸ்தகத்தைத்தான் பார்த்திருக்கிறான் என்று ஊருக்கே தெரியவேண்டும். பதினோரு வருஷம் மேஜைமேல் வைத்திருந்த அஞ்சலட்டை. அதில் இல்லாத ஒருத்தன் வந்து குந்தியிருக்கிறான். காலையில் படத்தைக் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்து, “ம், பரவாயில்லை, வானத்துல நீலம் ஜாஸ்தி,” என்றார். நீலம் ஜாஸ்தி! வானத்தில் அவள் நீலமே வைக்கவில்லை. கறுப்பும் வெள்ளையும் துளி மஞ்சளும்தான். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது நீலமாகத் தெரியும், அவ்வளவுதான்.

சித்தப்பா இப்போது வானத்தில் இருந்தார். நீளமான பிரம்பை மேகத்தின்மேல் வைத்துக்கொண்டு, “முக்கால் பங்கு வானம் ஏன்? மனிதன் தன்னைப் பெரிதாக நினைத்துக்கொள்ளாமல் இருக்க,” என்றார். அப்பா தலையாட்டினார். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முறை டக் என்றது. பெரிதாக நினைத்துக்கொள்ளாமல் இருக்க. பார், யார் சொல்கிறது பார், என்றாள் நீலா, அம்மாவின் குரலில். அம்மா பாத்திரம் கழுவும்போது மட்டும் வருகிற அந்தக் குரல். ஆனால் அந்த வானம். ஒன்பது நாள். அஞ்சலட்டையில் விரல் நகம் அளவு இருந்த மேகத்தை முழங்கை அளவுக்கு இழுத்தபோது அது காய்ந்த சுண்ணாம்பு மாதிரி செத்துக் கிடந்தது. கொல்லைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள், உள்ளே பார்த்தாள், வெளியே பார்த்தாள். மழைக்கு முந்தின நாள் துறைமுகத்துப் பக்கம் மேகத்துக்கு அடிவயிறு அழுக்காக இருக்கும். அந்த அழுக்கை வைத்ததும் மேகம் நகர்ந்தது. அப்படியென்றால் அது ஒல்லாந்து மேகமா, இந்த ஊர் மேகமா? சீ, அதுவா இப்போது முக்கியம். அவர் பிரம்பு மேகத்தைத் தொட்ட இடத்தில் வண்ணம் இன்னும் சரியாகக் காயவில்லை. தடம் விழும். விழட்டும். இல்லை, விழக் கூடாது. எடுய்யா பிரம்பை. எடுத்தார். கோபுரத்துக்குப் போனார். “கோபுரம் எப்போதும் அக்கரையில். கவனிக்கணும். இக்கரையில் வைக்கமாட்டான். மோட்சம் தெரிய வேண்டும், ஆனால் கையில் கிடைக்கக் கூடாது.” பின்வரிசையில் யாரோ “அடடா” என்றார்கள். அவளுக்கும், அவளுடைய அனுமதி இல்லாமலே, கோபுரம் ஒரு கணம் தூரமாகப் போய்விட்டது. மூன்று நாள் வரைந்தபோது அது வெறும் சாம்பல் நிறக் குச்சி. இப்போது அது எட்டாத இடத்தில் நின்றது. அந்த ஆளின் வாயிலிருந்து விழுந்த வார்த்தை தன் கண்ணுக்குள் ஒட்டிக்கொண்டதை அவள் வெறுத்தாள். கண்ணில் விழுந்த தூசியை இமையால் தள்ளுகிற மாதிரி அந்தக் கோபுரத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். போகவில்லை. சரி, இருந்து தொலை.

படகு. மாடுகள். “வாழ்க்கை என்னும் கடப்பு,” என்றார். மாடு என்றால் நாம்தானாம். எங்கே போகிறோம் என்று தெரியாமல் ஏறி நிற்கிறோமாம். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து தலைவர் காதில் ஏதோ சொன்னார். என் தம்பி, என்றிருப்பார். அந்த ‘என் தம்பி’ அவளுக்கு நன்றாகத் தெரியும். ‘என்’னில் ஒரு சின்ன அழுத்தம், மாத்திரை அட்டையை விரலால் அமுக்கிப் பிதுக்குவது போல. தாத்தா போனபோது தம்பிக்கு ஒன்பது வயசாம். அப்பா தன் படிப்பை நிறுத்திவிட்டுக் கடையில் உட்கார்ந்தவர். அந்தத் தம்பி முட்டாள் என்று இன்னும் கால் மணியில் தெரியும்போது அந்த வெள்ளைச் சட்டைக்குள் எது என்ன ஆகும்? ஆகட்டும். என்னைக் குரங்கு என்றபோது சோறு இறங்கவில்லையா? இறங்கியதே. ஆகட்டும், ஆகட்டும், என்று மனசு பேருந்து நடத்துநர் மாதிரி கத்தியது, உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத. இருந்தும் பயம் ஏறிக்கொண்டது. பயம் வேறு குரலில் வந்தது; பல் பிடுங்கிய டாக்டர் குரலில், ஒண்ணும் இல்லம்மா, லேசா வலிக்கும். ஒருவேளை சித்தப்பாவுக்கு முன்பே தெரிந்திருந்தால்? காலையிலேயே கண்டுபிடித்துவிட்டு, சும்மா இருந்துவிட்டு, இங்கே வைத்து, ‘அண்ணே, இதுதான் உங்க பொண்ணு புத்தி, பாருங்க’ என்று எல்லார் முன்னாலும் பிரம்பை அங்கே வைத்துவிட்டால்? சிரிப்பு வரும். அவர்மேல் இல்லை. அப்பா திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வை ஒன்று போதும், விண்ணப்பத்தை நான்காக மடித்துக் கடையில் எலி மருந்துக்கு அடியில் வைத்துவிடலாம். யார் குரலில் யோசித்தால் பயம் இல்லாமல் யோசிக்கலாம் என்று தேடினாள். தலைவர் குரல், நடத்துநர் குரல், அம்மா, தலைமையாசிரியை, கோயில் ஒலிபெருக்கி, ‘வெள்ளைக் கலர் கார் வைத்திருப்பவர் உடனே வந்து எடுக்கவும்’. எல்லாரும் வந்தார்கள். நீலாயதாட்சி மட்டும் வரவில்லை. நீலாயதாட்சி எப்படிப் பேசுவாள்? அது அவளுக்கே சரியாகத் தெரியாது. கண்ணு இல்லை என்று அவர் சொன்னது அதைத்தானோ? இந்த இடத்தில் யோசனை முள்ளில் மாட்டின துணி மாதிரி நின்றுவிட்டது. இழுத்தால் கிழியும் என்று தெரிந்து அவள் இழுக்காமல் இருந்தாள்.

பட்டமரம் என்றால் நிலையாமை. காற்றாலை என்றால் அருள். காற்று வந்தால் சுற்றும், வராவிட்டால் நிற்கும், தானாகச் சுற்றாது. வாத்து என்றால், அவர் ஒரு கணம் யோசித்தார், “வாத்து என்றால் சலனம்.” இப்போது இடது பக்கம் வந்தாக வேண்டும். வா. வா, வா, என் ராசா. பிரம்பு நாணல்வரை வந்தது. நாணலின் மேல் நின்றது. “வளைகிறது, ஒடிவதில்லை,” என்றார். பிறகு பிரம்பைக் கீழே இறக்கிவிட்டு, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “ஆக, நண்பர்களே, ஆறு என்பது ஆறு அல்ல, நன்றி,” என்றுவிட்டார். கைதட்டல். முடிந்துவிட்டது! ஒரு அங்குலம். ஒரே ஒரு அங்குலம் தள்ளி அவன் குந்தியிருக்கிறான், கண்ணு இருக்கிற மனுஷன் அவனைத் தாண்டிப் போய்விட்டார். அப்பா கைதட்டிக்கொண்டே எழுந்துகொள்ளப் பார்த்தார். தலைவர் ஒலிவாங்கியைப் பிடுங்கி, “கேள்வி இருந்தா ஒண்ணே ஒண்ணு, கீழே பூட்டிடுவாங்க,” என்றார். கேள்வி. அவளுக்குப் பின்னால் நேராக ஓய்வுபெற்ற இன்ஜினியர் அருமைநாதன் தூங்கிக்கொண்டிருந்தார். எல்லாக் கூட்டத்துக்கும் வருவார், முதல் வாக்கியத்தில் கண்ணை மூடுவார், கடைசியில் மூடின கண்ணைத் திறக்காமலே ஒரு கேள்வி கேட்பார். பேச வருகிறவர்களுக்கு அந்தக் கேள்வி மேல்தான் பயம். இன்றைக்கு நிஜமாகவே தூங்கிவிட்டார், சன்னமாகக் குறட்டை. நீலா குனிந்தாள். கைக்குட்டையை வாயில் வைத்தாள். பல் செட்டுக்குள் காற்று புகுந்து ‘ச’ எல்லாம் ‘ஷ’ ஆகிற அந்தக் குரல், மாடிப்படி ஏறின இளைப்போடு, தொண்டையிலிருந்து தானாகக் கிளம்பியது: “எல்லாம் ஷரி மிஷ்டர் காயாரோகணம். இடது மூலையில ஒருத்தன் குந்தியிருக்கானே, அவன் யாரு? அவனுக்கு என்ன அர்த்தம்?”

சித்தப்பா படத்தைப் பார்க்கவில்லை; இன்ஜினியரைப் பார்த்துத்தான் சிரித்தார். “சார், இந்தக் கேள்விக்காகத்தான் ஆக்சுவலி நான் அவனை விட்டு வைச்சிருந்தேன்.” அதற்குப் பிறகுதான் திரும்பிப் பிரம்பால் தேடினார், நாணல், கரை, இதோ. கண்டுபிடித்துவிட்டார். தெரியாது என்ற சொல் அந்த வாய்க்குப் பழக்கமில்லை. “பாருங்கள். எல்லாரும் ஆற்றைக் கடக்கிறார்கள். இவன் ஒருவன் கடக்கவில்லை. இவன் பணிந்திருக்கிறான். மண்ணிலிருந்து பெற்றதை மண்ணுக்கே திருப்பித் தருகிற பணிவு இது.” நீலா கன்னத்தின் உட்சதையைக் கடித்துக்கொண்டாள். இதோ வந்துவிட்டது, இப்போது வெடிக்கும். “முகத்தில் ஒரு தவிப்பு. ஆனால் உடம்பில் ஒரு விடுதலை.” கடவுளே. “பக்கத்தில் ஒரு பொற்கிண்ணம். உலகத்துச் செல்வம். அதைக் கீழே வைத்துவிட்டான். ஆனால் எங்கே வைத்திருக்கிறான்? கைக்கு எட்டுகிற தூரத்தில். அதுதான் மனிதன்!” ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் சுற்றிப் பார்த்தாள். ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு அம்மாள் கன்னத்தில் கை வைத்திருந்தாள். கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குக் காது கொடுத்து நிற்பதைப் போல அவள் நின்றாள், நாற்காலியில் உட்கார்ந்தபடியே. சத்தமே வரவில்லை. தினம் விடிகாலையில் பாலத்தைக் கடக்கிறவர்கள்தானே நீங்களெல்லாம், உங்களுக்குத் தெரியாதா, தொப்பி போட்டால் தெரியாதா? சித்தப்பா சூடேறிவிட்டார், கூட்டம் நம்ப நம்ப அவருக்கு வார்த்தை ஊறியது. படத்துக்குக் கிட்டப் போய், குரலைத் தாழ்த்தி, முதல் தடவையாக மூக்கடைப்பு இல்லாமல் சொன்னார்: “ஒன்று சொல்கிறேன். இந்தப் படத்தில் மற்றதெல்லாம் அழகு. பழகின கையின் அழகு. இவன் மட்டும் அப்படி வந்தவன் இல்லை. குதிகாலைப் பாருங்கள். மொத்த உடம்பும் அந்தக் குதிகால்மேல் உட்கார்ந்திருக்கிறது. முதுகெலும்பு துணிக்குள் தெரிகிறது. மூன்றே இழுப்பு. இதைக் கையால் வரைய முடியாது. இப்படி ஒருவனை நின்று பார்த்த கண் வேண்டும். கண் உள்ளவன் வரைந்தது இது. அண்ணே, நான் எப்பவும் சொல்வேனே, கை எல்லாருக்கும் உண்டு, கண்ணு ஆயிரத்தில் ஒருத்தனுக்கு. காப்பி எடுத்த பிள்ளைக்கே இது தெரிஞ்சிருக்காது.” சொல்லிவிட்டு நீலா உட்கார்ந்திருந்த மூன்றாவது வரிசைப் பக்கம் தாராளமாக ஒரு புன்னகையை எறிந்தார்.

காது இரண்டும் கொதித்தன. சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. குதிகால். ஆமாம், குதிகால்தான். கடுவையாற்றுப் பாலத்துக்கு மேலே, ஆறேகால் மணி, சைக்கிளைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டு, கேலிக்குத்தான் ஆரம்பித்தாள். ஒரு தடவை பார்த்து வந்து போட்டாள். உருளைக்கிழங்கு உட்கார்ந்த மாதிரி இருந்தது. மறுநாள் போனாள். அதற்கு மறுநாளும். வேறு வேறு ஆட்கள், ஒரே பாரம். பாரம் எங்கே இறங்குகிறது என்று பிடிபடவில்லை. ஆறாம் நாள் தெரிந்தது, அது இடுப்பில் இல்லை, குதிகாலில். வீட்டுக்கு வந்து மூன்று இழுப்பு. அந்த மூன்று இழுப்பு இழுத்த நேரத்தில் சித்தப்பா இல்லை, கோபம் இல்லை, எவருடைய குரலும் தலைக்குள் இல்லை. அப்படி ஒரு நிசப்தம் இருந்ததையே இதுவரை அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் கேலி கெட்டுவிடும் என்று. அதைப் போய் இந்த ஆள், வேறு ஆளே கிடைக்காமல் இந்த ஆள், பிரம்பால் தொட்டுக் காட்டிவிட்டார். அதற்காக அவரை இன்னும் அதிகமாக வெறுத்தாள். வெறுத்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து நின்றுவிட்டாள். நாற்காலி கிரீச்சிட்டது. தலைகள் திரும்பின. இன்ஜினியர் குரல் வந்து நாக்கில் நின்றது, வேண்டாம் என்றாள். அம்மா குரல், வேண்டாம். தொண்டையில் கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. பிறகு மெலிசாக, கொஞ்சம் கரகரப்பாக, அவளுக்கே பழக்கமில்லாத ஒன்று வந்தது. “சித்தப்பா, அந்த ஆளு நீங்க குடுத்த அஞ்சலட்டையில கிடையாது.” “என்னம்மா?” என்றார் அவர், இன்னும் அந்தப் புன்னகையைக் கீழே வைக்காமல். “அவனை நான் போட்டேன். நம்ம பாலத்துக்குக் கீழ, காலையில ஆத்துப் பக்கம் ஒதுங்குவாங்க இல்ல, ஆறு நாளு நின்னு பார்த்துப் போட்டேன். அது கிண்ணம் இல்லை. சொம்பு.” கூட்டத்தில் முதலில் ஒருத்தர் மூக்கு வழியாக ஏதோ ஒரு சத்தம் போட்டார். அப்பா எழுந்து படத்துக்குக் கிட்டப் போனார். குனிந்து, மருந்துச் சீட்டில் டாக்டர் கிறுக்கலைப் படிக்கிற அந்தக் கவனத்தோடு, தொப்பியிலிருந்து கீழே மெதுவாகப் படித்துக்கொண்டு வந்தார். குதிகாலில் நின்றார். நிமிராமலே கேட்டார், சாதாரணமாக, ஒரு மருந்தின் பேரைச் சரிபார்த்துக்கொள்கிற மாதிரி: “கண்ணு இருக்கிறவன் போட்டதுன்னுதானே தம்பி சொன்னே?” சித்தப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்தவர் படத்தைப் பார்த்தார். முக்கால் மணி நேரத்தில் முதல் முறையாக முழுசாகப் பார்த்தார். மடித்துக் கட்டின கைலியை, அதன் கட்டத்தை, நாணல் மறைவை, மஞ்சள் புள்ளியை. பிறகு அவளை. அவர் காதுமடல் சிவந்தது. பிரம்பின் நுனி, சுட்டுவிட்டதுபோல், அந்த மனிதனின் இடுப்பிலிருந்து விலகியது.